அம்மா கற்றுக்கொடுத்த முதல் கார்டு... கிடார் பழகும் உங்களுக்காக ஜான் லெனனின் கதை!

உங்க ரூம் மூலையில ஒரு கிடார் இருக்கா? வாங்கின முதல் வாரம் அதை மடியை விட்டு இறக்கியே இருக்க மாட்டீங்க. ரெண்டாவது வாரம் விரல் நுனி எரிய ஆரம்பிச்சிருக்கும். மூணாவது வாரம் யூடியூப்ல யாரோ ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே எஃப் கார்டு பிடிச்சுக் காட்டியிருப்பார். நீங்க பிடிச்சா மட்டும் கட்டையைத் தட்டின மாதிரி 'டொக் டொக்'னு சத்தம் வந்திருக்கும். அதோட கிடார் உறைக்குள்ள போயிருக்கும். 'நமக்கெல்லாம் இது வராது'ன்னு நீங்களே தீர்ப்பும் எழுதியிருப்பீங்க.

அந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளி வைங்க. அதுக்கு முன்னாடி ஒரு பையனோட கதையைக் கேட்டுடலாம். 16 வயசுல அவன் மேடை ஏறினப்ப, கிடாருக்கு வைக்க வேண்டிய சுருதியை வைக்கல. பிடிச்ச கார்டுகள் கிடார் கார்டுகளே இல்லை. பாட்டோட வரிகளும் முழுசாத் தெரியாது. அவன் பெயர் ஜான் லெனன். அதுக்கப்புறம் ஏழே வருஷத்துல உலகமே அவர் பாட்டைப் பாடிக்கிட்டு இருந்தது.

ரெண்டு வீடு, ஒரு பையன்

1940 அக்டோபர் 9. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். இங்கிலாந்தின் துறைமுக நகரமான லிவர்பூலில் ஜான் பிறந்தான். அப்பா ஆல்ஃபிரட் கப்பலில் வேலை பார்த்தவர். வீட்டில் இருந்ததைவிடக் கடலில் இருந்ததுதான் அதிகம். அம்மா ஜூலியா கலகலப்பானவர். பாட்டும் சிரிப்புமாக இருப்பவர். ஆனால் அந்தக் குடும்பம் நிலைக்கவில்லை. ஐந்து வயது வாக்கில், அம்மாவின் அக்கா மிமியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தான் ஜான்.

மெண்ட்லவ் அவென்யூவில் 251 என்ற எண் கொண்ட வீடு அது. பெயர் மெண்டிப்ஸ். மிமி பெரியம்மா கண்டிப்பானவர். நேரத்துக்குச் சாப்பாடு, சுத்தமான உடை, புத்தகங்கள் என்று எல்லாமே ஒழுங்காக இருக்கும். பெரியப்பா ஜார்ஜ் செல்லம் கொடுப்பவர். 1955-ல் அவரும் திடீரென்று இறந்துபோனார். அப்போது ஜானுக்கு வயது 14.

அம்மா எங்கே போனார்? எங்கேயும் போகவில்லை. வேறொருவரோடு வாழத் தொடங்கி, இரண்டு பெண் குழந்தைகளோடு அதே ஊரில், நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில்தான் இருந்தார். பதின்வயதில் ஜான் அந்த வீட்டுக்கு அடிக்கடி போக ஆரம்பித்தான். அங்கே பெரியம்மா வீட்டுச் சட்டதிட்டம் எதுவும் கிடையாது. ரெக்கார்டு பிளேயரில் எல்விஸ் பிரெஸ்லி பாடிக்கொண்டிருப்பார். ஜூலியா ஆடுவார், மகனையும் ஆட வைப்பார். அந்த வீட்டில் ஒரு பேஞ்சோவும் இருந்தது. வட்டமான தோல் பறைக்கு நீளமான கழுத்து வைத்த மாதிரி இருக்கும் கம்பி வாத்தியம் அது.

மூணு கார்டு போதும்னு ஒரு அலை

அந்த நேரத்தில் பிரிட்டனில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று தெரிந்தால்தான் அடுத்த பகுதி புரியும்.

1956 தொடக்கத்தில் லோனி டோனகன் என்ற பாடகரின் 'ராக் ஐலண்ட் லைன்' பாட்டு பெரிய ஹிட் ஆனது. அந்த பாணிக்கு ஸ்கிஃபிள் என்று பெயர். இதற்கு ஆர்கெஸ்ட்ரா வேண்டாம், இசைப் படிப்பு வேண்டாம். ஒரு மலிவான கிடார், துணி துவைக்கும் தகரப் பலகை, தேயிலைப் பெட்டியில் ஒரு குச்சியை நட்டு கயிறு கட்டிய 'பேஸ்' இவை போதும். துவைக்கும் பலகையை விரலில் தையல் உறை மாட்டிக்கொண்டு உரசினால் தாளம் ரெடி. பாட்டுக்குத் தேவை இரண்டு, மூன்று கார்டு.

கார்டுன்னா என்னன்னு ஒரு வரியில சொல்லிடறேன். ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போற மூணு, நாலு ஸ்வரங்களை ஒரே நேரத்துல ஒலிக்க விடறதுதான் கார்டு. இடது கை விரல்கள் எந்தக் கம்பியை எந்தக் கட்டத்துல அழுத்தணும்கறது கார்டுக்குக் கார்டு மாறும். வலது கை மேலிருந்து கீழே வருடும். பாடகருக்குப் பின்னாடி கேட்குதே அந்த 'ஜங்க் ஜங்க்', அது இதுதான்.

ஸ்கிஃபிள் வந்ததும் பிரிட்டன் பையன்களுக்கு ஒரு விஷயம் புரிந்தது. பாட்டுப் பாட பெரிய மேதையாக இருக்கத் தேவையில்லை. தெருவுக்குத் தெரு குழுக்கள் முளைத்தன. குவாரி பேங்க் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஜானும் 1956-ல் நண்பர்களைச் சேர்த்து ஒரு குழு ஆரம்பித்தான். பள்ளியின் பெயரையே கொஞ்சம் மாற்றி, 'குவாரிமென்' என்று பெயர் வைத்தார்கள்.

கிடாரில் பேஞ்சோ வாசித்த பையன்

ஜானின் முதல் கிடார் கேலோடோன் சாம்பியன். தென்னாப்பிரிக்காவில் தயாரான, விலை மலிவான, சைஸ் சின்னதான கிடார். தபாலில் வந்தது. மரம் விரிசல் விடாது என்று உள்ளே ஒட்டியிருந்த லேபிளில் உத்தரவாதம் மட்டும் இருந்தது. ஒலி எப்படி இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை!

கிடார் வந்துவிட்டது. கற்றுக்கொடுப்பது யார்? கிடார் தெரிந்தவர் யாரும் வீட்டில் இல்லை. அம்மாவுக்குத் தெரிந்தது பேஞ்சோ. அதனால் அவர் பேஞ்சோ கார்டுகளைச் சொல்லிக்கொடுத்தார். கிடாரில் ஆறு கம்பி இருந்தாலும் அவற்றை பேஞ்சோ மாதிரி சுருதி சேர்த்து, மேல் கம்பிகளில் மட்டும் சில விரல்களை வைத்து வாசிக்கப் பழகினான் ஜான். ஃபேட்ஸ் டாமினோவின் 'ஐன்ட் தட் எ ஷேம்', பட்டி ஹாலியின் 'தட்'ல் பி த டே' போன்ற பாடல்களை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டான். மகனுக்குப் பிடிபடும் வரை ஜூலியா அலுத்துக்கொள்ளாமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்ததை, பல வருடம் கழித்தும் லெனன் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. கிடார் வகுப்பு நடத்துறவர் யாராவது இதைப் பார்த்திருந்தா, தப்பான முறை, முதல்ல இருந்து ஆரம்பின்னு சொல்லியிருப்பார். அவர் சொல்றதும் சரிதான். ஆனா அந்தப் பையன் அந்தத் தப்பான கார்டுகளை வெச்சுத்தான் ஒரு முழுப் பாட்டை வாசிச்சு முடிச்சான். சின்ன வயசுலேயே பிரிஞ்சுபோன அம்மா பக்கத்துல உட்கார்ந்து, அவன் விரலைப் பிடிச்சு வெச்சுக் கொடுத்த பாடம் அது. அவனுக்கு அது வெறும் இசைப் பாடமா இருந்திருக்காதுன்னு நாமளே புரிஞ்சுக்கலாம்.

பெரியம்மா மிமிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. கிடார் பொழுதுபோக்குக்குச் சரி, அதை வைத்துப் பிழைக்க முடியாது என்பது அவர் கட்சி. சத்தம் தாங்காமல், வாசலில் இருந்த கண்ணாடி போர்டிகோவுக்குப் போய் வாசிக்கச் சொல்லிவிட்டார். அந்தச் சின்ன இடத்தில் கிடார் ஒலி எதிரொலித்து இன்னும் நன்றாகக் கேட்டது. ஜானுக்கு அது லாபம்தான்.

1957 ஜூலை 6

லிவர்பூலின் வூல்டன் பகுதியில் செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத் திருவிழா. குவாரிமென் குழுவுக்கு மேடை கிடைத்திருந்தது. கட்டம் போட்ட சட்டையில் ஜான் பாடிக்கொண்டிருந்தான். 'கம் கோ வித் மீ' என்ற பாட்டு. வரிகள் முழுசாகத் தெரியாது. தெரியாத இடங்களில் கேட்டுப் பழகிய வேறு பாட்டு வார்த்தைகளைப் போட்டு, தானே கட்டிப் பாடிக்கொண்டு போனான்.

கூட்டத்தில் 15 வயதுப் பையன் ஒருவன் நின்று இதைக் கவனித்துக்கொண்டிருந்தான். பெயர் பால் மெக்கார்ட்னி. அவனுக்கு இரண்டு விஷயம் சட்டென்று பிடிபட்டது. ஒன்று, மேடையில் இருப்பவன் வரிகளைச் சொந்தமாக அடித்துவிடுகிறான். இரண்டு, அவன் வாசிப்பது கிடார் கார்டே இல்லை. ஆனாலும் அவனிடமிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

இருவருக்கும் பொதுவான நண்பன் ஐவன் வான், மாலை நிகழ்ச்சிக்கு முன்பு இருவரையும் அறிமுகப்படுத்தி வைத்தான். பால் ஒரு கிடாரை வாங்கி, சரியாகச் சுருதி சேர்த்து, எடி காக்ரனின் 'ட்வென்டி ஃப்ளைட் ராக்' பாட்டை ஒரு வரி விடாமல் பாடி வாசித்துக் காட்டினான். ஜானுக்கு அதிர்ச்சி.

இப்போது நீங்க ஜான் இடத்தில் இருந்து யோசிங்க. குழுவுக்கு நீங்கதான் தலைவர். உங்களைவிட நல்லா வாசிக்கிற ஒருத்தன் வந்து நிக்கிறான். அவனைச் சேர்த்தா குழு வளரும். ஆனா உங்க இடம் ஆட்டம் காணும். சேர்க்கலைன்னா நீங்கதான் எப்பவும் பெரிய ஆள். ஆனா அந்தக் குழு அங்கேயே நின்னுடும். ஜான் யோசித்துப் பார்த்து, பாலைச் சேர்த்துக்கொண்டான். எனக்குத் தெரியாதுன்னு ஒத்துக்கிட்டு, தெரிஞ்சவன் பக்கத்துல போய் உட்கார்ந்த அந்த முடிவுதான் லெனனின் வாழ்க்கையையே மாற்றியது.

கண்ணாடியில் திருப்பிய கார்டுகள்

சரியான கிடார் கார்டுகளை ஜான் கற்றுக்கொண்டது பாலிடம்தான். அதிலும் ஒரு சிக்கல். பால் இடது கைக்காரன். முதலில் வலது கைக்காரர்களுக்கான கிடாரோடு திண்டாடி, பிறகு ஸ்லிம் விட்மன் என்ற பாடகர் இடது கையால் வாசிப்பதைப் பார்த்து, கம்பிகளையே மாற்றிக் கட்டிக்கொண்டவன் அவன். அதனால் அவன் பிடிக்கும் கார்டு ஜானுக்குத் தலைகீழாகத் தெரியும். அதைப் பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டு, வீட்டுக்கு வந்து அதைத் திருப்பிப் போட்டுப் பழகினான் ஜான்.

இன்னொரு பக்கம் பார்த்தால் அதில் ஒரு வசதியும் இருந்தது. ஃபோர்த்லின் ரோட்டில் இருந்த பால் வீட்டில், பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு இருவரும் எதிரெதிரே உட்காருவார்கள். இருவரின் கிடாரும் ஒரே பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணாடியில் தன்னையே பார்ப்பது மாதிரி. அந்த வீட்டில்தான் அவர்களின் ஆரம்பகாலப் பாடல்கள் பல பிறந்தன.

ஒரே ஒரு கார்டுக்காக லிவர்பூல் பையன்கள் பஸ் ஏறிய கதையும் உண்டு. ஈ மேஜர் தெரியும், ஏ மேஜர் தெரியும். மூன்றாவதாக வேண்டியது பி செவன். அது யாருக்கும் தெரியவில்லை. ஊரின் இன்னொரு மூலையில் ஒருவருக்குத் தெரியும் என்று கேள்விப்பட்டதும், பஸ் மாறி அவர் வீட்டைத் தேடிப் போய், அந்தக் கார்டைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். இதை பால் மெக்கார்ட்னி பின்னாளில் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அப்படி என்ன அந்த பி செவன்ல இருக்கு? கிடாரை எடுங்க, பார்த்துடலாம். தடிமனான கம்பி ஆறாவது, மெல்லிசானது முதலாவதுன்னு கணக்கு வெச்சுக்கோங்க.

* ஈ மேஜர்: நடுவிரல் 5-வது கம்பியில் 2-வது கட்டம். மோதிர விரல் 4-வது கம்பியில் 2-வது கட்டம். ஆள்காட்டி விரல் 3-வது கம்பியில் முதல் கட்டம். ஆறு கம்பியையும் வருடுங்க.

* ஏ மேஜர்: 4, 3, 2 ஆகிய மூணு கம்பிகளிலும் 2-வது கட்டத்தில் மூணு விரல். 5-வது கம்பியில் இருந்து வருடுங்க.

* பி செவன்: நடுவிரல் 5-வது கம்பியில் 2-வது கட்டம். ஆள்காட்டி 4-வது கம்பியில் முதல் கட்டம். மோதிர விரல் 3-வது கம்பியில் 2-வது கட்டம். சுண்டு விரல் முதல் கம்பியில் 2-வது கட்டம். 2-வது கம்பியைச் சும்மா விடுங்க. 5-வது கம்பியில் இருந்து வருடுங்க.

கவனிச்சீங்களா? ஈ-யில் இருந்து பி செவனுக்குப் போகும்போது நடுவிரல் இடம் மாறவே இல்லை. அதை எடுக்காம அப்படியே ஊன்றிக்கிட்டு மத்த விரல்களை மட்டும் மாத்துங்க. பாதிக் கஷ்டம் குறைஞ்சிடும்.

இப்ப 12 தாள வட்டம் போடலாம். ஒரு வட்டத்துக்கு ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு எண்ணணும். ஈ நாலு வட்டம், ஏ ரெண்டு, திரும்ப ஈ ரெண்டு, பி செவன் ஒண்ணு, ஏ ஒண்ணு, கடைசியா ஈ ரெண்டு. மொத்தம் 12. அந்தக் காலத்து ராக் அண்ட் ரோல் பாடல்கள் எத்தனையோ இந்தச் சக்கரத்துலதான் சுத்துது. லிவர்பூல் பையன்கள் ஏன் அந்த மூணாவது கார்டுக்கு அலைஞ்சாங்கன்னு இப்பப் புரியுதா? அது இல்லாம சக்கரம் முழுசாச் சுத்தாது.

1958 ஜூலை 15

1958 தொடக்கத்தில் ஜார்ஜ் ஹாரிசன் என்ற இன்னும் சின்னப் பையனும் குழுவில் சேர்ந்தான். பஸ் மாடியில் உட்கார்ந்து 'ராஞ்சி' என்ற கிடார் இசையைப் பிசகில்லாமல் வாசித்துக் காட்டித்தான் அவன் ஜானின் மனதில் இடம் பிடித்தான். அதே ஆண்டில் லிவர்பூலில் ஒரு சின்ன வீட்டு ஸ்டூடியோவில் சொந்தக் காசைப் போட்டு ஒரு ரெக்கார்டு பதிவு செய்தார்கள். ஒரு பக்கம் 'தட்'ல் பி த டே'. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஜான் கற்றுக்கொண்ட அதே பாட்டு. பாடியதும் ஜான்தான்.

ஜூலை 15 மாலை. ஜூலியா தன் அக்கா மிமியைப் பார்க்க மெண்டிப்ஸ் வந்திருந்தார். பேசிவிட்டுக் கிளம்பி, மெண்ட்லவ் அவென்யூவைக் கடக்கும்போது ஒரு கார் மோதியது. அங்கேயே உயிர் பிரிந்தது. வயது 44. அந்த நேரத்தில் ஜான், அம்மா வருவார் என்று அம்மாவின் வீட்டில் இருந்தான். அவனுக்கு வயது 17.

சின்ன வயதில் அம்மாவை ஒருமுறை இழந்தவன் அவன். திரும்பக் கிடைத்த சில வருடங்களிலேயே இரண்டாவது முறையும் இழந்தான். அதன் பிறகு குடித்தான், சண்டை போட்டான், பக்கத்தில் இருந்தவர்களை வார்த்தையால் குத்தினான். அந்த நேரத்தில் அவனைப் புரிந்துகொள்ள பால் இருந்தான். 1956 அக்டோபரில் புற்றுநோயால் தன் அம்மாவை இழந்தவன் அவன். இரண்டு பையன்களும் எதிரெதிரே உட்கார்ந்து கிடார் வாசித்த நேரங்களில், சொல்லாமலே இருவருக்கும் தெரிந்த விஷயமாக அது இருந்தது.

மேடை மேடையாக...

1960 ஆகஸ்டில் 'பீட்டில்ஸ்' என்ற பெயரோடு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக்குப் போனார்கள். கிளப்புகளில் தினமும் இரவு மணிக்கணக்கில் வாசிக்க வேண்டும். தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்துவிடும். ஒரே பாட்டை இழுத்து நீட்டுவார்கள், புதுசு புதுசாகக் கற்றுக்கொள்வார்கள். விரல்கள் தன்னால் கார்டு மாற்றும் பழக்கம் வந்தது அங்கேதான்.

1962 அக்டோபரில் முதல் சிங்கிள் 'லவ் மீ டூ' வெளியானது. அந்தப் பாட்டின் சரணத்தை ஜி, சி என்ற இரண்டு கார்டுகளிலேயே வாசித்துவிடலாம். அதில் மவுத் ஆர்கன் ஊதியது லெனன். 1964 பிப்ரவரி 9 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் அவர்கள் தோன்றியதை சுமார் 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள். பெரியம்மா மிமிக்குக் கடலோரத்தில் ஒரு வீடு வாங்கிக் கொடுத்தார் லெனன். கிடாரை வைத்துப் பிழைக்க முடியாது என்ற வாதம் அதோடு முடிந்தது!

பீட்டில்ஸில் கிடார் வித்தை காட்டும் இடங்கள் பெரும்பாலும் ஜார்ஜ் ஹாரிசனுக்கு. லெனன் பின்னால் கார்டுகளை வாசித்து, தாளத்தைத் தாங்கிப் பிடிக்கும் ரிதம் கிடாரிஸ்ட். அதாவது, நீங்க இப்ப பழகிட்டு இருக்கீங்களே, அதே வேலை! அது சின்ன வேலைன்னு நினைச்சா 'ஆல் மை லவிங்' பாட்டைக் கேளுங்க. பாட்டு பாலுடையது. ஆனா பின்னாடி குதிரை ஓடற மாதிரி விடாம ஓடுதே, அந்த கிடார் லெனன் கை. இடது கை சாதாரண கார்டுகளைத்தான் பிடிக்குது. வலது கைதான் பாட்டைத் தூக்கிட்டு ஓடுது. அதனால புதுக் கார்டு தேடி ஓடறதுக்கு முன்னாடி, தெரிஞ்ச ரெண்டு கார்டுல தாளம் தப்பாம வாசிக்கப் பழகுங்க.

ரிஷிகேஷில் மறுபடியும் மாணவன்

1968 பிப்ரவரி. பீட்டில்ஸ் நால்வரும் மகரிஷி மகேஷ் யோகியிடம் தியானம் பழக, கங்கைக் கரையில் இருக்கும் ரிஷிகேஷ் வந்தார்கள். லெனனுக்கு வயது 27. உலகத்தில் அவரைவிடப் பிரபலமான கிடார் கலைஞர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அதே ஆசிரமத்துக்கு ஸ்காட்லாந்து பாடகர் டோனவனும் வந்திருந்தார். அவர் கம்பிகளை ஒட்டுமொத்தமாக வருடாமல், விரல்களால் தனித்தனியாக மீட்டி வாசிப்பார். கட்டை விரல் தடிமனான கம்பிகளில் மாறி மாறி அடிக்கும். மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளைச் சுண்டும். ஒரே ஆள் இரண்டு கிடார் வாசிப்பது போலக் கேட்கும். லெனனுக்கு அது தெரியாது. எனக்குக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டார். உட்கார்ந்து, ஒவ்வொரு விரலாக, மெதுவாகப் பழகினார். பத்து வருடத்துக்கு மேல் வாசித்த கை, மறுபடியும் ஆரம்பப் பாடம் படித்தது.

அந்தப் புது முறையில் பிறந்த பாடல்களில் ஒன்று 'டியர் ப்ரூடென்ஸ்'. இன்னொன்றின் பெயர் 'ஜூலியா'.

ஆமாம், அம்மாவின் பெயர். அம்மா இறந்து பத்து வருடம் ஆன பிறகு, அவருக்காக லெனன் எழுதிய பாட்டு. அப்போது அவர் வாழ்க்கைக்குள் வந்துகொண்டிருந்த யோகோ ஓனோவின் பெயருக்கான அர்த்தமும் அதற்குள் இருக்கிறது. 1968 அக்டோபர் 13 அன்று, 28-வது பிறந்தநாள் முடிந்து நான்காவது நாள், லண்டனில் அதைப் பதிவு செய்தார். டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை. பாலும் ஜார்ஜும் ரிங்கோவும் அதில் வாசிக்கவில்லை. லெனனின் குரலும், அவர் கிடாரும் மட்டும். பீட்டில்ஸ் பாடல்களிலேயே லெனன் தனி ஆளாகப் பதிவு செய்தது இந்த ஒன்றைத்தான்.

முதல் கார்டைக் கற்றுக்கொடுத்தவருக்கு, புதிதாகக் கற்றுக்கொண்ட விரல் வித்தையில் ஒரு பாட்டு. 16 வயசுல தெரிஞ்சதே போதும்னு நின்னிருந்தா, அந்தப் பாட்டு அந்த மாதிரி வந்திருக்காது.

கடைசியாக...

லெனனை ஒரு மகானாக ஆக்கிவிட வேண்டாம். முதல் மனைவி சிந்தியாவிடம் அவர் நல்லபடி நடந்துகொள்ளவில்லை. 1963-ல் பிறந்த முதல் மகனுக்கு அம்மாவின் நினைவாக ஜூலியன் என்று பெயர் வைத்தார். ஆனால் தன் அப்பா தனக்குச் செய்ததையே, அந்தக் குழந்தையோடு அதிகம் இல்லாமல் போய், அவரும் செய்தார். 1970-ல் வந்த 'மதர்' பாட்டைக் கேட்டால், சின்ன வயதுக் காயம் அவருக்கு ஆறவே இல்லை என்பது தெரியும். 1980 டிசம்பர் 8 அன்று நியூயார்க்கில் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 40.

அவர் விட்டுச்சென்ற பாடல்களில் நம்ம மாதிரி புதுசா பழகுறவங்களுக்கும் இடம் இருக்கு. 1969-ல் மான்ட்ரியல் ஹோட்டல் அறையில் கூட்டமாகப் பாடிப் பதிவு செய்த 'கிவ் பீஸ் எ சான்ஸ்' பாட்டுக்கு இரண்டே கார்டு. பெரும் கூட்டமே சேர்ந்து பாடக்கூடிய பாட்டு அது!

சரி, உங்க கிடாருக்கு வருவோம். உறையில இருந்து வெளியே எடுங்க. போன்ல இலவசமா கிடைக்கிற டியூனர் ஆப் போட்டு முதல்ல சுருதி சேருங்க. எஃப் கார்டை ரெண்டு மாசம் மறந்துடுங்க. ஈ மைனர்ல ஆரம்பிங்க: 5-வது, 4-வது கம்பிகள்ல 2-வது கட்டம், ரெண்டே விரல். அடுத்து ஜி, சி, டி. ஒரு நிமிஷம் டைமர் வெச்சு, ரெண்டு கார்டுக்கு நடுவுல எத்தனை தடவை மாற முடியுதுன்னு எண்ணுங்க; நாளைக்கு அதுல ஒண்ணு கூட்டுங்க. தினமும் 15 நிமிஷம் போதும். விரல் வலிச்சா நிறுத்திட்டு அடுத்த நாள் தொடருங்க. சில வாரத்துல விரல் நுனி தோல் தடிச்சு, வலி தானா குறையும். கம்பி ரொம்ப உயரமா இருந்து அழுத்தவே முடியலைன்னா தப்பு உங்க மேல இல்லை. கடையில கொடுத்துக் கம்பி உயரத்தைக் குறைக்கச் சொல்லுங்க.

முக்கியமா, தனியாவே போராடாதீங்க. லெனனுக்கு முதல்ல அம்மா இருந்தாங்க, அப்புறம் பால், அப்புறம் டோனவன். உங்களுக்கும் யாராவது இருப்பாங்க. ஹாஸ்டல்ல பக்கத்து ரூம் அண்ணா, சர்ச் குவயர்ல வாசிக்கிற அக்கா, ஆபீஸ் நண்பர்... ஒரே ஒரு கார்டு தெரிஞ்சவரா இருந்தாலும் பரவாயில்லை, போய்க் கேளுங்க. தேவைப்பட்டா பஸ் ஏறியும் போகலாம்.

வீட்டுல யாராவது உங்க பக்கத்துல உட்கார்ந்து, நீங்க வாசிக்கிற அந்த அரைகுறைப் பாட்டைக் கேட்கத் தயாரா இருந்தா, வெட்கப்படாம அவங்களுக்கு இன்னைக்கே வாசிச்சுக் காட்டிடுங்க. நல்லா வந்த பிறகு காட்டலாம்னு தள்ளிப் போடாதீங்க.